கடல் மிருகத்துக்குச் செதில் குறையவில்லை

ராதாபுரம் வட்டத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதமும் நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார். பள்ளியில் ஓவிய ஆசிரியை. சிறுவர் மாயக்கதை ஒன்றுக்கு அட்டைப்படமும் உள்ளே ஆறு படங்களும் வரையச் சொல்லி ஒரு பதிப்பகம் கேட்டிருக்கிறது. கூலிக்கு அவர் வரையும் முதல் வேலை இது. அட்டைக்கான காட்சி: பாண்டியர் காலத்துக் கொற்கைத் துறைமுகத்திலிருந்து முத்துக்குளிக்கப் போன மூன்று வள்ளங்களைக் கடல் மிருகம் ஒன்று மறிக்கிறது, முன்வள்ளத்தில் ஒரு பெண் எறியுளியை (மீனை எறிந்து குத்தும் ஈட்டி) ஓங்கி நிற்கிறாள்.

ஏ3 தாளில் பென்சிலில் வரைந்து, டேப்லெட்டில் வண்ணம் தீட்டியிருக்கிறார். கதாசிரியர் பார்த்துவிட்டு, "பயமே வரலை" என்றாராம். வாசகி இரண்டு வாரம் உட்கார்ந்து, 40 மணி நேரத்துக்குக் குறையாமல், செதிலும் பல்லும் முள்ளும் சேர்த்திருக்கிறார். பதிப்பாசிரியர், "ரொம்ப நெரிசலா இருக்கு, எங்க பாக்கறதுன்னே தெரியலை" என்றிருக்கிறார். ஓவியர்கள் குழு ஒன்றில் போட்டால், "அனாட்டமி தப்பு" என்று நான்கு பேர். கடைசியாகக் கதாசிரியர் செயற்கை நுண்ணறிவில் ஒரு படம் செய்து அனுப்பி, "இந்த மாதிரி" என்று முடித்துக்கொண்டார். வீட்டில் சித்தப்பா, கடலுக்குப் போகிறவர், படத்தை எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்: "ஏட்டி, இந்த வள்ளம் கடல்ல கெடக்கா, இல்ல கண்ணாடி மேல தூக்கி வச்சிருக்கியா?"

கெடுவுக்கு இன்னும் 18 நாள். வாசகி கேட்பது ஐந்து. எனக்குத் திறமை போதாதா, ஒப்புக்கொண்டதை விட்டுவிடவா? இன்னும் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தால் பயம் வரும்? இத்தனை பேரில் யார் சொல்வதைக் கேட்பது? எத்தனை தடவை திருத்திக் கொடுப்பது? வரைந்தது நான் என்பதால் படத்தின் உரிமை எனக்குத்தானே?

அன்புச் சகோதரிக்கு,

கோடு உங்களுக்கு நன்றாக வருகிறது. நான்காம் படத்தில் எறியுளி பிடித்த கையின் முழங்கை மடிப்பு ஒன்றே போதும், அதைச் சொல்ல. ஆகவே முதல் கேள்வியை இத்தோடு விட்டுவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. படத்தின் அமைப்பில் விழுந்த பிழையைப் படத்தின் மினுக்கில் போய்த் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். அஸ்திவாரம் சாய்ந்த வீட்டுக்கு நாலாவது கோட் பெயின்ட் அடித்த மாதிரி.

கருத்துச் சொன்னவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நோயாளி வைத்தியரிடம் சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்கள். "தலை வலிக்கிறது" என்பார் நோயாளி. காரணம் கண்ணிலா வயிற்றிலா என்று பார்ப்பது வைத்தியர் வேலை. "பயமே வரலை" என்ற வலியை "செதில் போதலை" என்று நீங்களே மொழிபெயர்த்துக்கொண்டீர்கள். கதாசிரியர் அப்படிச் சொல்லவே இல்லை.

பயம் ஏன் வரவில்லை: ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தால்

உங்கள் படத்தில் மிருகம் தலை முதல் வால் வரை 32 செ.மீ. வள்ளம் 14 செ.மீ. நிற்கிற ஆட்கள் 5 செ.மீ. பார்ப்பவரின் கண் மனித உருவத்தைத்தான் முதலில் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். ஆள் ஐந்தரை அடி என்றால் தாளில் ஒரு செ.மீ. என்பது 1.1 அடி. அப்படியானால் வள்ளம் 15 அடி, மிருகம் 35 அடி. மன்னார் வளைகுடாவில் தட்டுப்படுகிற திமிங்கிலச் சுறாவே 40 அடிக்கு வளரும். அது ஆளை ஒன்றும் செய்யாது. கதையில் "குன்று எழுந்தது போல" என்று வருகிறது. நீங்கள் வரைந்திருப்பது ஒரு பெரிய மீன்.

ஆளை 1.2 செ.மீ.க்குக் குறையுங்கள். இப்போது ஒரு செ.மீ. ஏறத்தாழ 4.6 அடி. 30 அடி வள்ளம் தாளில் ஆறரை செ.மீ. ஆகிவிடும். அதற்கு எதிரே தண்ணீரிலிருந்து மிருகத்தின் தலையும் கழுத்தும் மட்டும் 20 செ.மீ. எழுந்தால், கண்ணுக்குத் தெரிவதே 92 அடி. மீதி உடம்பு தண்ணீருக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். ஒரு செதில்கூடச் சேர்க்காமல் பயம் அங்கேதான் வரும்.

முழு உடம்பையும் காட்டியே ஆக வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். "கஷ்டப்பட்டு வடிவமைத்தது, பாதி மறைந்தால் வீண்" என்கிறீர்கள். இந்த எண்ணத்தை முதலில் விட வேண்டும். படத்தின் சட்டத்துக்குள் முழுசாக அடங்கிய பிராணி, தொட்டிக்குள் அடங்கிய மீன்தான். ஒரு பக்கமாவது சட்டம் அதை வெட்ட வேண்டும். உங்கள் ஆசைக்கு ஒரு வழியும் உண்டு. தமிழ்ப் புத்தகத்தில் முன்னட்டைக்கு இடப்பக்கம் முதுகு, அதற்கும் இடப்பக்கம் பின்னட்டை. மிருகத்தை இடது ஓரத்திலிருந்து உள்ளே வரவிட்டால், உடம்பு முதுகைத் தாண்டிப் பின்னட்டை வரை ஓடலாம். கடையில் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிற பிள்ளைக்கு வால் அங்கே கிடைக்கும். அட்டை முழுவதும் ஒரே படமாகப் போட இசைவா என்று பதிப்பகத்திடம் இன்றே கேளுங்கள்.

கண்ணையும் கவனியுங்கள். மிருகத்தின் கண் 3 செ.மீ. விட்டத்தில், இரண்டு வெள்ளைப் புள்ளியோடு பளபளக்கிறது. முகத்துக்குக் கண் பெரிதாக இருப்பது குட்டிகளின் இலக்கணம். கன்றுக்குட்டியைப் பாருங்கள், கைக்குழந்தையைப் பாருங்கள். உடம்பு பெருக்கப் பெருக்க, தலையோடு ஒப்பிட்டால் கண் சிறுத்துக்கொண்டே போகும். யானைக்கும் நீலத்திமிங்கிலத்துக்கும் அப்படித்தான். கண்ணை மூன்றில் ஒன்றாக்கி, புருவ எலும்பின் நிழலுக்குள் தள்ளி, ஒரே ஒரு மங்கிய புள்ளி வையுங்கள்.

அடுத்தது துளிகள். மிருகத்தின் தாடையிலிருந்து சொட்டும் தண்ணீரை 4 மில்லிமீட்டர் மணிகளாக வரைந்திருக்கிறீர்கள். புதிய அளவுப்படி அது கிட்டத்தட்ட 2 அடி. ஒவ்வொரு துளியும் ஓர் அண்டா. நிஜத்தில் விழுகிற நீர்த்துளி 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் காற்றில் உடைந்துவிடும், எவ்வளவு பெரிய மிருகத்திலிருந்து விழுந்தாலும் சரி. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் முதலில் திரையாக இறங்கும், பிறகு இழையாகக் கிழியும், கீழே வரும்போது புகை மாதிரி ஆகிவிடும். குற்றாலத்தில் பேரருவியைத் தள்ளி நின்று பார்த்திருப்பீர்களே, பாறையில் மோதிக் கீழே இறங்குவதில் எங்காவது ஒரு தனித்துளி தெரிகிறதா? தாடைக்குக் கீழே அந்தச் சாரலைக் கொண்டுவாருங்கள். பெரிய துளி போட்டால் எந்தப் பூதமும் குளியலறைப் பொம்மையாகிவிடும்.

சித்தப்பாவின் சிரிப்பு

உங்களுக்கு வந்த கருத்துகளிலேயே மிகத் துல்லியமானது இதுதான். அதை மட்டும் கேலி என்று ஒதுக்கிவிட்டீர்கள்.

உங்கள் அலைகள் எல்லாம் சுருண்டு, நுனியில் நுரை தொங்க, உள்ளே குடைவாக இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை கரையில் நின்று பார்க்கிற அலைகள். அலை கரையை நெருங்கி ஆழம் குறைந்து, அடிப்பக்கம் தடைபட்டு, தலைப்பக்கம் முந்தும்போதுதான் அப்படிச் சுருண்டு விழும். முத்துச்சிப்பி கிடக்கிற ஆழத்தில் அந்தக் குடைவு கிடையாது. அங்கே அலை மேடும் பள்ளமுமாக உருளும். காற்று கூடி, அலையின் உயரம் அதன் நீளத்தில் ஏழில் ஒரு பங்கை எட்டினால் உச்சி மட்டும் உடைந்து நுரைக்கும். அந்த நுரையைக் காற்று கோடுகோடாக இழுத்துக்கொண்டு போகும். சித்தப்பா அந்தக் கடலில் கிடந்தவர். நீங்கள் வரைந்த அலைக்குள் அந்த வள்ளம் எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டார்.

"கண்ணாடி மேல" என்றதும் சரியே. வள்ளத்தின் அடிப்பாகம் முழுக்கத் தெரிகிறது. நீர்க்கோடு ஒரே நேராக வெட்டியிருக்கிறது. ஆறு பேரும் கயிறும் கல்லும் ஏறிய வள்ளம் நன்றாக அழுந்தியிருக்கும். அலையில் ஏறும்போது அணியம் தூக்கி, பின்பக்கம் தண்ணீருக்குள் அமிழும். நீர்க்கோடு விலாவில் வளைந்து ஏறி இறங்கும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் தரையோடு செங்குத்தாக நிற்க மாட்டார்கள். வள்ளம் சாயும் திசைக்கு எதிரே உடம்பைக் கொடுப்பார்கள், முழங்கால் மடிந்திருக்கும். எறியுளி ஓங்கும் பெண்ணுக்குப் பாரம் பின்காலில். இப்போது அவள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மேடையில் நிற்பதுபோல நிற்கிறாள். குழுவில் "அனாட்டமி தப்பு" என்றவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். தசையும் எலும்பும் சரியாகவே இருக்கின்றன, தரைதான் தப்பு.

இதற்கு ஒரு எளிய பயிற்சி. தென்னம்பாளை ஒன்றை விரலளவு வள்ளமாகச் செதுக்குங்கள். களிமண்ணில் நான்கு ஆட்களைச் செய்து உள்ளே உட்கார வைத்து, அகலமான அண்டாவில் தண்ணீர் விட்டு மிதக்க விடுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வரும். ஒரு கையால் தண்ணீரை அசைத்துக்கொண்டே 20, 30 படம் எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு டார்ச்சை பக்கவாட்டில் வைத்து மறுபடி எடுங்கள். வள்ளம் சாயும்போது உள்விளிம்பு எவ்வளவு தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். வள்ளத்தின் மேல்விளிம்பைக் கற்பனையில் வரையும்போது, படுத்துக் கிடக்கிற 8 போட்டு அதிலிருந்து தொடங்கினால் இரு பக்கமும் கோணாமல் வரும்.

தொடுவானத்தையும் இறக்க வேண்டும். தாளின் நடுவில் வைத்திருப்பதால் எல்லா வள்ளங்களின் உட்தரையும் தெரிகிறது, ட்ரோனில் இருந்து எடுத்த மாதிரி. மேலே நின்று பார்க்கிறவருக்குப் பயம் எதற்கு? பார்ப்பவரை நான்காவது வள்ளத்தில் உட்கார வையுங்கள். கண் தண்ணீருக்கு மேல் 4 அடியில் இருக்கும். தொடுவானமும் எல்லா வள்ளங்களிலும் அந்த 4 அடி உயரத்தையே வெட்டிப் போகும். ஆட்களின் தலை அதற்கு மேல் தெரியும், மிருகம் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

கதாசிரியரிடம் ஒரு விஷயம் கேட்டுவைப்பது நல்லது. முத்துக்குளிப்பு பங்குனி, சித்திரையை ஒட்டிக் கடல் அடங்கிக் கிடக்கிற காலத்தில் நடந்துவந்தது. கதையில் புயல் அடிக்கிறது. புயல் மிருகத்தால் வந்ததா, இல்லை அவர் மறந்துவிட்டாரா? மிருகத்தால் வந்தது என்றால் உங்களுக்கு அருமையான வாய்ப்பு: தூரத்துக் கடல் தகடுபோல அமைதி, மிருகத்தைச் சுற்றி மட்டும் கொந்தளிப்பு. படத்தின் பின்னால் துறைமுகமாகக் காட்ட இன்றைய கொற்கையின் போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள், வேண்டாம். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் ஊர் இப்போது கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வள்ளத்தில் ஆணித்தலைகளும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்கு, பலகைகளைக் கயிற்றால் தைத்த வள்ளம் பொருத்தம். தையல் கோடு ஒன்றிரண்டு இடத்தில் தெரிந்தால் போதும்.

நெரிசல் என்று சொன்னது எதை

பதிப்பாசிரியர் "எங்க பாக்கறதுன்னே தெரியலை" என்றதும், நீங்கள் ஒரு வள்ளத்தை அழித்துவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நெரிசல் பொருள்களின் எண்ணிக்கையால் வரவில்லை. படத்தைப் போனில் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள்: நுரை வெள்ளை, நிலா வெள்ளை, பல் வெள்ளை, செதிலின் மினுக்கம் வெள்ளை. நான் எண்ணியவரை பளிச்சென்ற வெள்ளை 23 இடத்தில் இருக்கிறது. கண் 23 இடத்துக்கும் ஓடி இளைத்துவிடுகிறது.

மிகக் கறுத்ததும் மிக வெளுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இந்தக் காட்சியில் அது எறியுளியின் முனைக்கும் மிருகத்தின் தாடைக்கும் நடுவில் உள்ள வெற்றிடம். அந்த இடைவெளியைத் தாளில் 3, 4 செ.மீ. விட்டு, பின்னால் வெளிறிய வானத்தை மட்டும் வையுங்கள். சாரலோ மின்னலோ அங்கே வரக் கூடாது. முனை தாடையைத் தொட்டுவிட்டால் கதை முடிந்துவிடும். இப்போது உங்கள் படத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது.

மற்ற நுரையையெல்லாம் நடுச்சாம்பலுக்கு இறக்குங்கள். மிருகத்தின் தலை கறுப்பாக இருக்கட்டும். கழுத்து பின்னால் போகப் போக வானத்தின் நிறத்தோடு கரையட்டும். இடையில் இருக்கிற ஈரக்காற்றே அந்த வெளிறலைத் தருவது, அதனால் தூரமும் கிடைக்கும், பருமனும் கிடைக்கும். 40 மணி நேரச் செதில் வீண் என்று அழுதுவிடாதீர்கள். அந்த லேயரை வைத்துக்கொண்டு, வெளிச்சம் நிழலாக மாறுகிற விளிம்பில் மட்டும், பாதி அளவுக்குச் சுருக்கிக் காட்டுங்கள். முழு நிழலிலும் முழு வெளிச்சத்திலும் செதில் தெரிய வேண்டியதில்லை.

மிருகத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிராகன் தலை, பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) கைகள், சுறாத் துடுப்பு, முதலைத் தோல் என்று நான்கையும் சம அளவில் கலந்திருக்கிறீர்கள். ஒன்று பிரதானமாக இருந்து, இன்னொன்று ஒட்டிக்கொண்டால்தான் அது பிராணியாக நிற்கும். உங்கள் ஊர்க் கடலிலேயே பாம்புபோல நீண்ட அஞ்சாலை மீன் இருக்கிறது. அதற்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை உண்டு. முன் தாடை கவ்வியதும் அது முன்னே வந்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிராகனை விட எனக்கு அதுதான் குலை நடுங்க வைக்கிறது. உடம்புக்கு அஞ்சாலையையும், முகத்துக்குக் கோயில் சிற்பங்களில் வரும் மகரம் என்ற கற்பனை மிருகத்தின் சுருண்ட துதிக்கையையும் எடுத்துப் பாருங்கள். நெல்லைக்குப் போகும்போது கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களின் முன் ஒரு மணி நேரம் ஸ்கெட்ச் புக்கோடு உட்காருங்கள். கல்லில் ஒரு உடம்பு முறுகித் திரும்பும்போது பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை.

யார் சொல்வதைக் கேட்பது

எல்லோரையும் கேளுங்கள், ஆனால் வேறு வேறு கேள்வி கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" அல்லது "நல்லால்ல" என்றுதான் வரும். படத்தை ஐந்து நொடி காட்டி மூடிவிட்டு, "முதல்ல எதைப் பாத்தீங்க? அடுத்தது எது? அங்க என்ன நடக்குது?" என்று கேளுங்கள். கதை தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர், உங்கள் வகுப்பில் பத்து வயசுப் பிள்ளை ஒன்று, மூன்று பேர் போதும். இருவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே பிழை இருக்கிறது. அவர்கள் சொல்லும் நிவாரணம் தப்பாக இருக்கலாம். தடுக்கிய இடம் தப்பாது.

கதாசிரியர் அனுப்பிய செயற்கை நுண்ணறிவுப் படத்தைக் கண்டு உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனாலும் அவருக்கு வார்த்தையில் சொல்ல வரவில்லை, அதனால் படமாகக் காட்டினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "இதில் உங்களுக்குப் பிடித்தது வெளிச்சமா, கோணமா, மிருகத்தின் முகமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். நான் பார்த்தவரை அதில் சிறப்பாக இருப்பது தாழ்ந்த கோணம் ஒன்றுதான். மிச்சத்தில் வள்ளத்தின் விளிம்பு அலைக்குள் கரைந்து போயிருக்கிறது, துடுப்புக்குப் பிடித்த கை இல்லை. கோணத்தை எடுத்துக்கொள்ளலாம். மேலே தாள் வைத்து நகலெடுக்காதீர்கள்.

கதாசிரியரும் பதிப்பாசிரியரும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இருவரும் பேசி முடித்து ஒரே மின்னஞ்சலில் அனுப்பும்படி பதிப்பாசிரியரைக் கேளுங்கள். முரண்பட்டால் முடிவு அவருடையது. உங்களுக்கு வேலை கொடுத்தது பதிப்பகம்.

இந்த 18 நாள்

நான்காம் படத்தை மேலும் திருத்தாதீர்கள். முதல் இரண்டு நாள் தம்ப்நெயில் மட்டும்: தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, 4-க்கு 6 செ.மீ.யில், கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றே நிறத்தில், ஒன்றுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் 12. மூன்றைத் தேர்ந்து அனுப்புங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்த்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இந்தத் தொழிலில் இது எழுதாத விதி.

அதற்கு முன் புத்தக அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். டெம்மி என்கிற வழக்கமான அளவு என்றால் சுமார் 14-க்கு 21.5 செ.மீ. ஏ3 தாளின் வடிவம் அதைவிட அகலம். முழுத் தாளிலும் வரைந்தால் அச்சில் ஓரம் போகும். தாளுக்குள் 26-க்கு 40 செ.மீ. கட்டம் போட்டுக்கொண்டால் விகிதம் சரியாக வரும். தொடுவானம் கீழிருந்து 8 செ.மீ. மேலே 12 செ.மீ. தலைப்புக்கு; அங்கே மேகம் தவிர எதுவும் வேண்டாம். வெட்டும்போது போகிற 3 மில்லிமீட்டருக்காக ஓரங்களில் படத்தை நீட்டியே வரையுங்கள். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாதீர்கள்.

மூன்றாவது, நான்காவது நாள் அண்டா வேலையும் மாதிரிப் படங்களும். ஏழாம் நாளுக்குள் பென்சில் ரஃப்; பத்தாம் நாளுக்குள் இருள்-வெளிச்சமும் சின்ன வண்ண ரஃப்பும். ஒவ்வொரு கட்டத்திலும் "சம்மதம்" என்று எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தி ஆனாலும் போதும். மிச்சம் எட்டு நாள் இறுதிப் படத்துக்குத் தாராளம். திரையில் ஒளிவிடுகிற அந்த மயில்நீலம் அச்சு மையில் வராது. வண்ண ரஃப்பை அச்சின் நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றி, ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே வரும் ஆறு படங்களுக்குத் தனியாகக் கெடு கேளுங்கள். அட்டை முடியாமல் மிருகத்தின் உருவம் உறுதியாகாது என்ற காரணம் அவர்களுக்கும் புரியும்.

திருத்தம், பணம், உரிமை

"ஒப்புக்கொண்டேன், அவர்களுக்குத் திருப்தி வரும்வரை திருத்துவது என் கடமை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. இதுவரை நடந்தது நடந்துவிட்டது. அமைப்புப் பிழை உங்கள் பக்கம் இருந்ததால் இந்தப் புதுத் தொடக்கத்துக்குக் காசு கேட்காதீர்கள். இனிமேலுக்கு எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு திருத்தம் சேர்த்திதான், சம்மதம் சொன்ன கட்டத்துக்குத் திரும்பப் போகச் சொன்னால் தனிக்கூலி. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், பென்சில் ரஃப் ஒப்புதலானதும் இன்னொரு பங்கு. வேலையை நடுவில் நிறுத்தினால் அதுவரை முடிந்த கட்டத்துக்கான பணம் உங்களுக்கு.

உரிமை விஷயத்தில் உங்கள் எண்ணம் பாதிதான் சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு: ஒருவர் கேட்டு, அவரிடம் பணம் பெற்றுக்கொண்டு தீட்டிய ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆக, வாய்ப்பேச்சோடு விட்டால் சட்டம் உங்கள் பக்கம் சாயாமல் போகலாம். "பதிப்புரிமை ஓவியரிடமே, பதிப்பகம் இந்த நூலின் தமிழ்ப் பதிப்பு அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம்" என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவுப்படி அது ஐந்து ஆண்டு, இந்தியா என்று கொள்ளப்படும். படத்தை வரைந்தது நீங்கள்தான் என்று உரிமை கோரவும், உங்கள் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிப்புரிமையைக் கொடுத்த பிறகும் இது உங்களிடமே இருக்கும். உள்பக்கத்தில் "அட்டை ஓவியம்" என்று உங்கள் பெயர் வர வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள். பெரிய தொகையோ தகராறோ வந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பென்சில் ரஃப் முடிந்ததும் பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன் சித்தப்பாவிடம் காட்டுங்கள். "நல்லாருக்கா?" என்று கேட்க வேண்டாம். "இந்த வள்ளத்துல நீங்க ஏறுவீங்களா?" என்று கேளுங்கள். ஏற மாட்டேன் என்றால், எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் என்று பென்சிலை அவர் கையிலேயே கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள்.